அம்மாவைக் கெடுத்தது மாத்திரை இல்லை

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து என் மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டியின் அச்சு மாதிரியை விரித்து வைத்தாய். பச்சை நிறம். ஒரு பக்கத்தில் மூக்கிரட்டைக் கொடியின் படம், இன்னொரு பக்கத்தில் உன் அம்மாவின் படம். டயாலிசிஸுக்குப் போக ஆரம்பிப்பதற்கு முன்பு, கன்னம் ஒட்டாமல் இருந்த காலத்தில் எடுத்தது. "தமிழ மட்டும் பாத்துக் குடுத்துருங்கப்பா, அடுத்த வாரம் புதன்கிழமைக்குள்ள அச்சுக்குக் குடுக்கோணும்" என்று சொன்னாய். உடுமலைப்பேட்டையில் நீயும் உன் நண்பனும் வாடகைக்குப் பிடித்திருக்கும் கட்டடத்தில் காப்ஸ்யூல் நிரப்பும் இயந்திரம் வந்து இறங்குகிறது என்று காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாய். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பத்தாறு வருஷம் செய்தித்தாளில் வேலை பார்த்தவனுக்கு எழுத்துப் பிழைதான் முதலில் கண்ணில் படும். இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. சிவப்பு மையில் போட்டேன். அதற்குப் பிறகுதான் என்ன எழுதியிருக்கிறாய் என்று படித்தேன்.

"சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தைக் காக்கும் மூலிகைச் சத்து" என்று பெரிய எழுத்தில் இருந்தது. அம்மாவின் படத்துக்குக் கீழே இப்படி: "மாத்திரைகளால் சிறுநீரகத்தை இழந்த என் அம்மாவுக்காகக் கண்டுபிடித்தது. இனி எந்த அம்மாவுக்கும் இந்த நிலை வரக் கூடாது."

படத்துக்குக் கீழே இருக்கும் முதல் வாக்கியம் பொய். உனக்கு அது பொய் என்று தெரியாது. எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். அதை இங்கே எழுதுகிறேன். உனக்கு மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் இதில் நான் செய்த தவறு வீட்டுக்குள் செய்தது இல்லை. பேர் போட்டு, படம் போட்டு, காலையில் பல ஆயிரம் வீட்டு வாசலில் போய் விழுந்தது. அதனால் இதுவும் அச்சில்தான் வர வேண்டும். ஆசிரியரிடம் கேட்டேன், சம்மதித்தார். நீ கோபப்படுவாய். படு.

எட்டரை வருஷத்துக்கு முன்பு, நீ பி.பார்ம் முதல் வருஷம் சேர்ந்த சமயம், ஞாயிறு இணைப்பிதழுக்கு நான் ஒரு கட்டுரை எழுதினேன். சத்தியமங்கலத்துக்கு மேற்கே, பவானி ஆற்றை ஒட்டி ஒரு தோட்டத்தில், சர்க்கரைக்கும், அதனால் கெட்டுப்போகும் சிறுநீரகத்துக்கும் பொடி கொடுக்கும் ஒருவரைப் பற்றி. அவர் சித்த மருத்துவம் படித்தவர் இல்லை. பரம்பரை என்று சொல்லிக்கொண்டார். படித்த சித்த மருத்துவர் யாரையாவது கேட்டிருந்தால் அன்றைக்கே என் காதைத் திருகியிருப்பார். கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் தோட்டத்து வாசலில் கோயம்புத்தூர், ஈரோட்டுக் கார்கள் வரிசையாக நிற்கும். அவரிடம் பகட்டு எதுவும் இல்லை. வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை. "நான் டாக்டரு இல்லீங்க, எனக்குத் தெரிஞ்சதச் செய்யறனுங்க" என்றார். இந்த மாதிரி ஆளைத்தான் பத்திரிகைக்காரன் சீக்கிரம் நம்புவான். பெரிதாகப் பேசுகிறவனிடம் நாங்கள் உஷாராக இருப்போம். சின்னதாகப் பேசுகிறவனிடம் இருக்க மாட்டோம்.

ஆனால் நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது. குணமானவர்கள் என்று அவர் ஐந்து பேரின் ரத்தப் பரிசோதனைத் தாள்களைக் காட்டினார், பொடி சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்தவை. நான் ஐந்து பேர் வீட்டுக்கும் நேரில் போனேன். தாள்களைக் கொடுத்த பரிசோதனைக் கூடங்களுக்குப் போய்ப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். எண்களை ஒன்றுக்கொன்று ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஐந்து பேருக்கும் சர்க்கரை உண்மையாகவே இறங்கியிருந்தது. ஒருவர் மூட்டு வலியும் விட்டுப்போயிற்று என்று மாடிப்படி ஏறிக் காட்டினார். அதையும் எழுதினேன். அந்தக் கட்டுரையை இன்றைக்கு எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகத் தேடினாலும் ஒரு தகவல் பிழை கிடைக்காது.

நான் கேட்காமல் விட்டது ஒரே ஒரு கேள்வி. மொத்தம் எத்தனை பேர் இங்கே வந்தார்கள், திரும்பி வராதவர்கள் என்ன ஆனார்கள்? அந்த ஐந்து பேரும் அவரே பொறுக்கி எடுத்து என் கையில் கொடுத்தவர்கள். வாராவாரம் வந்து நின்ற அத்தனை கார்களில் வந்தவர்களை விட்டுவிட்டு அந்த ஐந்து வீட்டை மட்டும் சல்லடை போட்டுச் சலித்தேன். வேலை தெரியாதவன் இந்தத் தவறைச் செய்ய மாட்டான், அவன் ஒன்றையும் சரிபார்க்காமல் எழுதி மாட்டிக்கொள்வான். கொடுத்ததை எல்லாம் ஒழுங்காகச் சரிபார்க்கத் தெரிந்தவனுக்கு மட்டுமே வாய்க்கிற தவறு இது.

கிளம்பும்போது அவர் ஒரு டின் பொடியை நீட்டினார். பேச்சுவாக்கில் உன் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதை நான் சொல்லியிருந்தேன். "அம்மணிக்குக் குடுங்க, மூணு மாசம் பாருங்க, அப்பறம் பேசுங்க" என்றார். செய்திக்குப் போன இடத்தில் ஒரு டம்ளர் டீக்கு மேல் எதுவும் வாங்குவதில்லை என்பது என் பழக்கம். உனக்கே தெரியும், தீபாவளிக்கு வந்த இனிப்புப் பெட்டியை உன்னையே திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி அழ வைத்தவன் நான். அன்றைக்கு அந்த டின்னைக் கை நீட்டி வாங்கினேன்.

அம்மாவுக்கு அப்போது சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம். சிறுநீரில் புரதம் போகத் தொடங்கியிருக்கிறது என்று டாக்டர் ஒரு புது மாத்திரை எழுதியிருந்தார். அது ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற மாத்திரைதான், ஆனால் சிறுநீரகத்துக்கும் காவல், விடாமல் சாப்பிட வேண்டும் என்று எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டு வரும் வழியிலேயே உன் அம்மா முணுமுணுத்தாள். "பிரஷரே இல்லாதவளுக்கு எதுக்குங்க பிரஷர் மாத்தர? இத்தன மாத்தர தின்னா கிட்னி போவாம என்னுங்க ஆவும்?" நம் பக்கத்தில் பாதிப் பேர் சொல்வது இதுதான், மாத்திரை தின்றால் கிட்னி போய்விடும் என்று. சர்க்கரை கிட்னியைக் கெடுக்கும், மாத்திரை அதைத் தள்ளிப்போடும் என்று டாக்டர் சொன்னதை நான் குறிப்பேட்டில்கூட எழுதி வைத்திருந்தேன். எழுதி வைத்தவன் வீட்டில் அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

பொடி வேலை செய்தது. காலையில் வெறும் வயிற்றில் பார்க்கிற சர்க்கரை ஒரு மாதத்தில் இறங்கியது. முட்டி வலி போயிற்று. மருதமலைக்கு வருஷக்கணக்கில் பஸ்ஸிலேயே போய் வந்துகொண்டிருந்தவள் ஒரு நாள் படி வழியாக ஏறினாள். மேலே போய் நின்றுகொண்டு, "என்னுங்க, உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது" என்று என்னைக் கிண்டல் செய்தாள். சில நாள் காலையில் அவளுக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கும். அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். உடம்பு மருந்தை ஏற்றுக்கொள்கிறது, ஒரு வாய் வெல்லம் போடச் சொல்லுங்கள் என்றார். அம்மா முதலில் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினாள். அடுத்த மாதம் அந்தக் காவல் மாத்திரையையும் நிறுத்தினாள். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினாள். நான் சரி என்றேன். டாக்டரிடம் போவதும் நின்றது. கிரியேட்டினின் பார்க்க வேண்டும், சிறுநீரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. சர்க்கரை குறைந்திருக்கிறதே, போதாதா?

ஒரே பொடி சர்க்கரையையும் குறைத்து, முட்டி வலியையும் போக்குகிறது என்றால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட ஒரு நிருபனுக்கு எத்தனை நிமிஷம் ஆக வேண்டும்? எனக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நடுவில் ஒரு போன் வந்தது. இதுவரை உன்னிடம் மறைத்ததில் இதுதான் மோசமானது. அம்மா பொடி சாப்பிட ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். அவிநாசியிலிருந்து ஒரு பெண் அலுவலகத்துக்கு அழைத்தார்.

"ஏனுங்க, சத்தி பக்கத்துப் பொடியப் பத்தி எழுதுனது நீங்கதானுங்களா?"

நான்தான் என்றேன்.

"எங்கூட்டுக்காரருக்கு நீங்க எழுதுனதப் படிச்சுப்போட்டுத்தானுங்க வாங்கிக் குடுத்தேன். இப்ப டயாலிசிஸ் மிசின்ல போட்டுருக்காங்க. உங்களத் திட்டறதுக்குக் கூப்புடலீங்க. இன்னியும் ஆராச்சும் வாங்கிப்போடாம ஒரு வரி எழுதிப்போடுங்க, புண்ணியமாப் போவும்."

பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டேன், விசாரித்துவிட்டு அழைக்கிறேன் என்றேன். விசாரிக்கவும் செய்தேன். யாரிடம் தெரியுமா? அந்தப் பொடிக்காரரிடமே. "அவரு தண்ணி போடற ஆளுங்க, சொன்ன பத்தியம் ஒண்ணும் இருக்க மாட்டாரு" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவிநாசி இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். போகவில்லை. அந்த அம்மாவைத் திருப்பி அழைக்கவும் இல்லை. அவருடைய கணவர் குடிப்பவரா என்று அந்த ஊர் டீக்கடையில்கூட நான் கேட்டதில்லை. ஐந்து பேர் வீட்டுக்கு நேரில் போனவன், ஆறாவதாகத் தானே வந்த ஒருவர் வீட்டுக்குப் போகவில்லை. போயிருந்தால் என் கட்டுரை உடைந்திருக்கும். அந்த வருஷம் அந்தக் கட்டுரையைப் பாராட்டி எனக்கு வாசகர் கடிதம் வந்துகொண்டிருந்தது. அந்தப் போனுக்குப் பிறகும் உன் அம்மா ஏழு மாதம் அந்தப் பொடியைச் சாப்பிட்டாள். டின் தீர்ந்தால் போய் வாங்கிக்கொண்டு வந்தவன் நான்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். காலும் முகமும் வீங்கி, மூச்சு விட முடியாமல், அவளை மருத்துவமனையில் சேர்த்தோம். நீ மூன்றாம் வருஷத் தேர்வை விட்டுவிட்டு ஓடி வந்தாய். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. கிட்னி டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்து, நாட்டு மருந்து, பொடி, லேகியம் ஏதாவது சாப்பிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்று மறுபடி கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன். அறையை விட்டு வெளியே வந்தேன், நீ வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாய். "அந்த மாத்தரைங்கதானுங்கப்பா அம்மாவக் கெடுத்துப்போட்டுது" என்றாய். மருந்து படிக்கிற பிள்ளை சொல்கிறாய். இல்லை கண்ணு, இரண்டு வருஷமாக அவள் அந்த மாத்திரையைத் தொடவே இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நீ விடுதியிலிருந்து எப்போதோ வந்து போகிறவன், உனக்கு எப்படித் தெரியும்? நான் உன் தோளில் கையைப் போட்டேன். சொல்லாமல் விட்டதை நீ ஆமாம் என்று எடுத்துக்கொண்டாய்.

அந்த வராந்தாவிலிருந்துதான் உன் வாழ்க்கை திரும்பியது. இங்கிலீஷ் மருந்து வேண்டாம், மூலிகையில் இருப்பதைத் தேடுகிறேன் என்று மேற்படிப்பில் தாவர வேதியியல் பக்கம் போனாய். மூக்கிரட்டை, சிறுநெருஞ்சில், சிறுகுறிஞ்சான் என்று பை பையாகக் காய வைத்து, இடித்து, சாறு இறக்கி, அதிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்தெடுத்தாய். உன் அம்மா பெருமையோடு வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். நீ கட்டிக்கொண்டிருப்பது என் பொய்யின்மேல் என்று தெரிந்தே ஆறு வருஷம் தலையாட்டினேன்.

டின்னில் மிச்சம் இருந்த பொடியை, அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய பிறகு, வேறு ஊரில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தேன். அதில் இலைத் தூளோடு, சர்க்கரையைக் குறைக்கிற இங்கிலீஷ் மாத்திரை ஒன்றும், வலி மாத்திரை ஒன்றும் பொடித்துக் கலந்திருந்தது. சர்க்கரை இறங்கியதும் கை நடுங்கியதும் முதலாவதால். மருதமலைப் படி ஏறியது இரண்டாவதால். ஏற்கெனவே புரதம் கசிந்துகொண்டிருந்த சிறுநீரகத்துக்கு, காவல் மாத்திரையை எடுத்துவிட்டு, தினம் இரண்டு வேளை வலி மாத்திரையைக் கொடுத்திருக்கிறோம். அந்த அறிக்கையை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். அதைச் செய்தியாக்கியிருந்தால் என் பெயரும் அதில் வந்திருக்கும். அந்த ஆள் இறந்து, தோட்டத்து வாசல் மூடப்படும் வரை இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் டின்கள் போய்க்கொண்டிருந்தன. அவை யார் யார் வீட்டுக்குப் போயின என்று எனக்குத் தெரியாது.

போன திங்கட்கிழமை, நீ பெட்டி மாதிரியைக் கொடுத்த மறுநாள், அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு கிட்னி டாக்டரிடம் போனேன். ஆறு வருஷத்துக்கு முன்பு உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். அவர் அறிக்கையைப் படித்தார். பொடியால் எவ்வளவு கெட்டது, சர்க்கரையால் எவ்வளவு கெட்டது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது என்றார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும் ஒரு நாள் இங்கே வந்திருக்கலாம், பத்து வருஷம் கழித்து வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்த மாதிரி இருந்தது. அப்போதுதான் அவர் சொன்னார். "அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா உங்க வீட்டம்மாவுக்குப் பெரிசா ஒண்ணும் மாறியிருக்காது. ஆனா அந்தப் பேரைச் சொல்லி ஒவ்வொரு பேஷண்ட்டையும் கேட்டிருப்பேன். சிலரை நிறுத்தியிருக்கலாம்." கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த நோயாளியின் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கேரட்டை நறுக்கி இரண்டாவது முறையாக வேக வைத்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள். காயில் இருக்கும் பொட்டாசியம் போவதற்காக எதையும் இப்படிச் சக்கையாக்கித்தான் அவள் தின்ன வேண்டியிருக்கிறது. உடுமலைப்பேட்டைத் தென்னந்தோப்பில் பிறந்து வளர்ந்தவள் ஆறு வருஷமாக ஒரு மடக்கு இளநீர் குடித்ததில்லை. தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாற்றுச் சிறுநீரகம் வைக்க அவள் இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அவிநாசியிலிருந்து வந்த போனையும் சொன்னேன்.

முதலில் சிரித்தாள். "முட்டி வலி போனப்பவே எனக்காச்சும் ரோசன வந்துருக்கோணும்" என்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஆறு வருசமா நாந் தின்ன சோத்தச் சொல்லிச் சொல்லித் திட்டுனீங்களே. தங்கச்சி பையன் கல்யாணத்துல மைசூர்பாகு தின்னேன், மாங்கா தின்னேன், வாயக் கட்டலைன்னு. நானும் அதையே நெனச்சுட்டு மிசின்ல படுத்துக் கெடந்தேன். தெரிஞ்சுட்டேவா திட்டுனீங்க?"

ஆமாம் என்றேன். தெரிந்துகொண்டேதான் திட்டினேன். அவள் சாப்பாட்டைக் குறை சொல்லும் ஒவ்வொரு முறையும் இழுப்பறையில் இருக்கிற காகிதம் கொஞ்சம் இலேசானது போல எனக்கு இருந்தது. மறுநாள் டயாலிசிஸுக்குப் போகும்போது ஆட்டோவில் என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்து வந்தாள். இறங்கும்போதுதான் பேசினாள். "அவங்கிட்டச் சொல்லீட்டீங்களா?" இல்லை, எழுதப்போகிறேன் என்றேன். "எழுதுங்க. என்ற மூஞ்சியப் பாத்துப்போட்டு எவளாவது மாத்தரைய நிறுத்துனான்னா அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். படத்த எடுத்துரச் சொல்லுங்க. மீதிய அவனே ரோசிக்கட்டும்."

மீதியை யோசிக்க உனக்கு என்னால் ஆனதைச் சொல்கிறேன். மூலிகையில் மருந்து கிடையாது என்று நான் சொல்லவில்லை. சொல்கிற தகுதியும் எனக்கு இல்லை. உன் ஆய்வேட்டை இந்த வாரம் முழுதாகப் படித்தேன். பத்திரிகைக்காரன் படிக்கிற மாதிரி, கடைசிப் பக்கத்திலிருந்து. நீ நேர்மையாகச் செய்திருக்கிறாய். ஊசி போட்டுச் சர்க்கரை வரவழைத்த எலிகளுக்கு உன் சேர்மத்தைக் கொடுத்ததில் சிறுநீரில் புரதம் குறைந்தது, திசுக்கள் குறைவாகச் சேதமடைந்தன என்று காட்டியிருக்கிறாய். கடைசிப் பத்தியில், மனிதர்களிடம் முறையாகச் சோதிக்காமல் இதைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த வாக்கியம் பெட்டியில் எங்கே போயிற்று? உன் எலிகள் இளசு. அவற்றுக்குச் சர்க்கரையைத் தவிர வேறு வியாதி இல்லை. முட்டி வலிக்கு எதிர்வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரையை அவை போடுவதில்லை. மகன் கண்டுபிடித்தது என்று பெருமைப்பட்டு டாக்டர் கொடுத்ததைக் குப்பையில் போடவும் அவற்றுக்குத் தெரியாது. பெட்டியை வாங்கப்போகிறவர்கள் இதை எல்லாம் செய்வார்கள். உன் காப்ஸ்யூலில் நீ எதையும் கலக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். உன் அம்மாவின் சிறுநீரகத்துக்கு அந்தப் பொடி செய்ததில் பாதி, அதில் கலந்திருந்ததால் வந்தது. மறு பாதி, அதை நம்பி அவள் நிறுத்தியதால் வந்தது. அந்த மறு பாதியைச் செய்ய உன் பெட்டியில் இருக்கும் ஒரு வரி போதும்.

உன் நண்பன் வீட்டார் தோப்பை அடமானம் வைத்து இந்தத் தொழிலில் இறங்கியிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த இரண்டு வாசகமும் இல்லாவிட்டால் கடைக்காரன் உன் பெட்டியை எடுத்து அடுக்கவே மாட்டான் என்று நீ சொல்வாய். இருக்கலாம். அப்படியானால் அது விற்க வேண்டாம். பெட்டி இப்படியே வெளியே வந்தால் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் முதல் புகார் என்னுடையதாக இருக்கும். பொடியின் பரிசோதனை அறிக்கையையும் என் பழைய கட்டுரையையும் சேர்த்தே கொடுப்பேன். மகன்மேல் புகார் கொடுத்த அப்பன் என்று ஊர் பேசட்டும். ஆறு வருஷத்துக்கு முன்பு கொடுத்திருக்க வேண்டிய புகார் இது, அன்றைக்கு என் பெயருக்காகக் கொடுக்கவில்லை. இன்றைக்கு உன் பெயருக்காகக் கொடுக்காமல் இருக்க மாட்டேன்.

அவிநாசி எண்ணுக்கு நேற்றுப் போன் செய்தேன். அந்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. நாளைக்குக் காலையில் பஸ் ஏறுகிறேன். ஊர்ப் பெயரும் அந்த அம்மாவின் பெயரும் குறிப்பேட்டில் இருக்கின்றன, தேடிப்பிடித்துவிடலாம். போய் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

உன்னிடம் கேட்பது ஒன்று. இந்தச் சனிக்கிழமை அம்மாவை டயாலிசிஸுக்கு நீ கூட்டிக்கொண்டு போ. வெளியே காரில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருக்காதே, உள்ளே போ. நாலு மணி நேரம் இருக்கிறது. பக்கத்துக் கட்டில்களில் படுத்திருப்பவர்களிடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசு. மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள், எதைக் கேட்டு, எதைப் படித்துவிட்டு நிறுத்தினீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேள். எல்லோரையும் கேள், ஐந்து பேரோடு எழுந்து வந்துவிடாதே. அவர்களில் யாராவது ஒரு பழைய ஞாயிறு இணைப்பிதழைச் சொல்லி, அதில் எழுதியவன் பெயரையும் சொன்னால், அது உன் அப்பன்தான் என்று சொல்லிவிடு.

உன் அப்பா